சக்கரம் சுற்றினால்தான் விதை விழும்

வாசகர் கேள்வி – பதில்: பண்ணைக் கருவிகள்

குதிரை பூட்டி இழுத்து, விதையையும் உரத்தையும் ஒரே சாலில் இறக்கும் கருவியை அமெரிக்காவில் ‘கிரெய்ன் டிரில்’ என்பார்கள். நீளமான மரப்பெட்டி, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த சக்கரங்கள், பெட்டிக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் குழாய்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவை என்பதால் அவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஐயா, விதைப்புக் கருவியைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்துக்காரர் ஜெத்ரோ டல் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். கரிசல் காட்டில் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொர்ரு கட்டி விதைக்கிறோமே, அது என்ன கணக்கில் வரும்?
— கோவில்பட்டி வாசகர்

பதில்: உங்கள் கொர்ருதான் மூத்தது. வரிசையாகக் குழாய் வழியே விதை இறக்கும் வேலை இந்தியாவிலும் சீனாவிலும் டல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. 1790களில் தாமஸ் ஹால்காட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இன்றைய ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கத்தில் உழவர்கள் இப்படி விதைப்பதைப் பார்த்து வியந்து, லண்டனில் இருந்த வேளாண்மை வாரியத்துக்கு எழுதினார். அதுவரை இந்தக் கருவியை ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்றே அவர் நினைத்திருந்தார்.

அதற்காக டல் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. கொர்ருவில் மேலே இருக்கும் கிண்ணத்தில் கையால்தான் விதை விடுகிறோம். எவ்வளவு விழுகிறது என்பது விடுகிறவரின் விரலில் இருக்கிறது. கை பழகியவர் விட்டால் பயிர் சீராக இருக்கும். ஆள் மாறினால் பயிரின் நெருக்கமும் மாறிவிடும். 1701 வாக்கில் டல் செய்த கருவியில் அந்த வேலையைச் சக்கரம் எடுத்துக்கொண்டது. சக்கரம் உருளும்போது பள்ளம் வெட்டிய உருளை ஒன்று பெட்டியின் அடியில் சுழன்று, பள்ளத்துக்குப் பள்ளம் விதையை அள்ளி விடும். தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தில் காற்றைத் திறந்து மூடும் நாக்கையும் ஸ்பிரிங்கையும் பார்த்து அந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு நேரத்தில் மூன்று வரிசை விதைத்தார்கள்.

உரப் பெட்டி டல் காலத்துக் கருவியில் கிடையாது. மண்ணை நன்றாகப் பொடியாக்கிவிட்டால் பயிருக்கு அதுவே உணவு, எரு தேவையில்லை என்பது அவருடைய நம்பிக்கை. அது தவறு என்று பின்னால் தெரிந்தது. 1840களில் பெரு நாட்டிலிருந்து குவானோ என்ற கடற்பறவை எச்சம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 1842இல் இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ் சூப்பர் பாஸ்பேட் என்ற உரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தொழுவுரத்தைக் குழாயில் விட முடியாது. இந்தப் பொடி உரங்களை விடலாம். விதைப்பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வேண்டும் என்ற தேவை இவற்றால்தான் வந்தது.

கேள்வி: இங்கே ஹோம்ஸ் மாவட்டத்தில் ஆமிஷ் (இன்றும் குதிரை பூட்டி விவசாயம் செய்யும் கிறித்தவச் சமூகம்) விவசாயி ஒருவர் வீட்டு ஏலத்தில் பழைய டிரில் ஒன்றை எடுத்தோம். பெட்டியில் ‘சுப்பீரியர், ஸ்பிரிங்ஃபீல்டு, ஒஹாயோ’ என்று மங்கலாகத் தெரிகிறது. 12 டிஸ்க். எந்தக் காலத்தது? ஓட்டிப் பார்க்கலாமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
— ஒஹாயோ வாசகர்

பதில்: காலத்தைக் கண்டுபிடிக்க, எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரைப் பாருங்கள். சுப்பீரியர் உட்படப் பல டிரில் தயாரிப்பாளர்கள் 1903இல் ஒன்றுசேர்ந்து ‘அமெரிக்கன் சீடிங் மெஷின் கம்பெனி’ ஆனார்கள். 1929இல் அது ஆலிவர் நிறுவனத்தோடு இணைந்தது. ‘சுப்பீரியர் டிரில் கம்பெனி’ என்று மட்டும் இருந்தால் 1903க்கு முந்தியது. ‘அமெரிக்கன் சீடிங்’ என்று இருந்தால் நடுவில் உள்ள 26 ஆண்டுகளில் ஒன்று. ‘ஆலிவர்’ என்ற சொல் இருந்தால் அதற்குப் பிந்தியது.

இனி ஓட்டுவதற்கு முன். பெட்டி மூடியைத் திறந்து, உரப் பகுதியின் அடியில் இருக்கும் நட்சத்திரச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருகிப் பாருங்கள். எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது இதுதான். உள்ளங்கை அகலத்தில் பல் வைத்த வார்ப்பிரும்புத் தட்டுகள் அவை. போன தலைமுறையில் அள்ளாமல் விட்ட உரம் அடியில் சிமெண்டாக இறுகிக் கிடக்கும். ஒரே ஒரு சக்கரம் இறுகியிருந்தாலும், வண்டியை நகர்த்திய அடுத்த நொடியில் குதிரையின் முழு பலமும் அந்தச் சின்னப் பல்லின் மேல் இறங்கும். பூட்டு ஊசி (பின்) முறிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பல்சக்கரம் உடைந்தால் உதிரி தேடி அலைய வேண்டும்.

இறுகியதைச் சுத்தியால் தட்டாதீர்கள், வார்ப்பிரும்பு விண்டுபோகும். முதலிலேயே எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். அது உரக் கட்டிக்குள் இறங்காது. வெந்நீர் ஊற்றி ஊறவிடுங்கள். உப்பு வகை உரம் கரைந்தே போகும், பாஸ்பேட் கட்டி இளகும். மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அதற்குப் பிறகு எண்ணெய் விடுங்கள்.

அடுத்தது டிஸ்க், அதாவது மண்ணைக் கீறிச் சால் திறக்கும் வட்டத் தட்டு. இரட்டை டிஸ்க் என்றால் இரண்டு தட்டுகளும் முன்பக்கம் கீழே ஓரிடத்தில் ஒன்றையொன்று தொட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அட்டையைச் செருகிப் பாருங்கள். அட்டைகள் தடையில்லாமல் ஒன்றையொன்று தாண்டிப் போனால் தட்டு தேய்ந்துவிட்டது. அப்படித் தேய்ந்த டிஸ்க் நடுவில் மண் மேட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் கீறும். விதை அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும், ஆழமே கிடைக்காது. ஒற்றை டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை, பேரிங் ஆட்டத்தை மட்டும் பாருங்கள்.

சக்கரத்தின் குடத்துக்குள் ராட்செட் இருக்கும். முன்னே உருளும்போது கடக், கடக் என்று கவ்வ வேண்டும், பின்னே உருட்டினால் வழுக்கிவிட வேண்டும். இரண்டு சக்கரத்திலும் இதைச் சோதியுங்கள். கிரீஸ் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து விதை விழாது. பெட்டியின் அடிப்பலகை உளுத்திருக்கிறதா, எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்து, குழாய்களையும் நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டால் ஓட்டலாம்.

கேள்வி: டிரில்லில் விதையை அளந்து விடுவதற்கு இரண்டு முறை உண்டு என்கிறார்கள். எது நல்லது?
— திருச்சி வாசகர்

பதில்: முதல் முறையில் பள்ளமிட்ட உருளை. சுற்றிலும் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டிய சிறு உருளை, விதைக் கிண்ணத்துக்குள் சுழலும். அதைத் தண்டோடு பக்கவாட்டில் நகர்த்தலாம். கிண்ணத்துக்குள் உருளை எவ்வளவு அகலம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு விதை. ஒரு லீவரைத் தள்ளினால் எல்லா உருளையும் சேர்ந்து நகரும். நம் ஊரில் டிராக்டரில் மாட்டும் விதை–உரக் கருவிகள் பலவற்றில் இருப்பதும் இதே உருளைதான். கிண்ணத்தின் அடியில் ஒரு மடைத் தகடு உண்டு. கோதுமைக்கு ஒட்டி வைக்க வேண்டும், பட்டாணிக்குத் தளர்த்த வேண்டும். பெரிய விதையை ஒட்டி வைத்த மடையில் விட்டால் பாதி உடைந்து விழும்.

இரண்டாவது, இருபக்க ஓட்டம். செங்குத்தாகச் சுழலும் ஒரு தட்டு. அதன் இரண்டு முகத்திலும் விளிம்போரம் உள்பக்கமாக வரி வைத்த வளையம். ஒரு முகம் குறுகல், கோதுமைக்கு. மறுமுகம் அகலம், ஓட்ஸ், பட்டாணி, பீன்ஸுக்கு. வேண்டாத முகத்தைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மூடியால் அடைத்துவிடுவார்கள். இதில் அகலம் மாறாது, சுழலும் வேகம்தான் மாறும். அதற்காகப் பல அடுக்கு வளையமாகப் பல் வைத்த தட்டு ஒன்று பக்கத்தில் இருக்கும். வெளி அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் சின்னப் பல்சக்கரத்தை நகர்த்தினால் ஏக்கருக்கு இத்தனை என்பது மாறும்.

கோதுமை மட்டும் விதைப்பவருக்கு உருளையே போதும். கூடுதலோ குறைவோ நுணுக்கமாக மாற்றலாம். ஓட்ஸ், பெரிய பயறு என்று மாற்றி மாற்றி விதைப்பவருக்கு இருபக்க ஓட்டம் நல்லது. விதை நசுங்காது, கூளம் இருந்தாலும் எளிதில் அடைக்காது. உருளை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீவரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, எல்லா உருளையும் கிண்ணச் சுவரோடு சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தண்டில் வழுக்கி ஒரு நூல் வெளியே நின்றால், அந்த வரிசை வயல் முழுக்க அடர்த்தியாக வளரும். அதை அறுவடை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேள்வி: குதிரை ஒரு நேரம் வேகமாக நடக்கும், ஒரு நேரம் மெதுவாக. அதற்கேற்ப விதை கூடிக் குறையாதா?
— சென்னை வாசகர்

பதில்: குறையாது. உருளையைச் சுற்றுவது தரைச் சக்கரம். ஓர் அடி நகர்ந்தால் ஓர் அடிக்கான விதை. குதிரை நின்றால் விதையும் நின்றுவிடும். வேகத்தால் இல்லை, சறுக்கலால்தான் அளவு கெடும். ஈர மண்ணிலோ, பொடிப் புழுதியிலோ சக்கரம் உருளாமல் இழுபட்டால், வண்டி போன தூரத்துக்குரிய சுற்று வராது, விதை குறையும்.

கேள்வி: டிரில்லின் பெட்டியில் கோதுமைக்கு இத்தனை, ஓட்ஸுக்கு இத்தனை என்று அட்டவணை ஒட்டியிருக்கும் என்று படித்தேன். பிறகு எதற்கு அளவு சரிபார்க்க வேண்டும்? எப்படிச் செய்வது என்று கணக்கோடு சொல்லுங்கள்.
— வேளாண் பொறியியல் மாணவி, கோவை

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறோம். அட்டவணை ஆலையில், புதுக் கருவியில், அன்றைக்கு இருந்த விதையை வைத்துப் போட்டது. உங்கள் விதை பருமனாக இருக்கலாம், மருந்துப் பொடி பூசியதால் சரசரவென்று ஓடாமல் தயங்கலாம், உருளை தேய்ந்திருக்கலாம். அட்டவணை எங்கே தொடங்குவது என்று காட்டும், அவ்வளவே. அதை மட்டும் நம்பி வயலில் இறங்கக் கூடாது.

12 குழாய், இடைவெளி 7 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 84 அங்குலம், அதாவது 7 அடி. சக்கரத்தின் விட்டம் 4 அடி என்றால் சுற்றளவு 12.57 அடி. ஒரு சுற்றுக்கு விதைக்கும் பரப்பு 12.57 × 7 = 88 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்தால் ஏக்கருக்கு 495 சுற்று. அத்தனையும் சுற்ற வேண்டாம், இருபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 25 சுற்று போதும்.

ஆனால் இந்த 12.57 அடி காகிதக் கணக்கு. முதலில் வயலுக்குப் போய்ச் சறுக்கலை அளந்துவிடுங்கள். பெட்டியில் பாதி அளவு விதை நிரப்பி, டிஸ்க்கைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் ஒரு துணி கட்டி, அது பத்து முறை சுற்றும்வரை ஓட்டுங்கள். போன தூரத்தை நாடாவால் அளங்கள். காகிதப்படி 125.7 அடி வர வேண்டும். 132 அடி வந்தால், சக்கரம் ஒரு சுற்றுக்கு உண்மையில் 13.2 அடி போகிறது. அப்போது ஒரு சுற்றுக்கு 92.4 சதுர அடி, ஏக்கருக்கு 471 சுற்று, இருபதில் ஒரு பங்குக்கு 23½ சுற்று. இதைப் பார்க்காமல் 25 சுற்றுக்குச் சரிசெய்தவர், வயலில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு விதை குறைவாகப் போட்டிருப்பார்.

இனி கொட்டகையில் செய்ய வேண்டியது. பல டிரில்களில் இடது சக்கரம் இடது பாதிக் குழாய்களையும், வலது சக்கரம் வலது பாதியையும் ஓட்டும். ஆகவே இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு பக்கத்து அச்சை ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். குழாய்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அடியில் ஒரு பை கட்டுங்கள். முதலில் நான்கைந்து சுற்று சும்மா சுற்றி, கிண்ணங்கள் நிறைந்ததும் பையில் விழுந்ததைக் கொட்டிவிடுங்கள். பிறகு குதிரை நடக்கும் வேகத்திலேயே, எண்ணிக்கொண்டு 23½ சுற்று. அவசரமாகச் சுழற்றினால் பள்ளம் நிரம்பாமல் போகும்.

எவ்வளவு விழ வேண்டும்? கோதுமைக்கு அமெரிக்காவில் ஏக்கருக்கு 2 புஷல் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. புஷலுக்கு 60 பவுண்டு, ஆக 120 பவுண்டு, 54.4 கிலோ. இருபதில் ஒரு பங்குக்கு 2.72 கிலோ. ஒரு பக்கத்து ஆறு குழாய்க்கும் சேர்த்து 1.36 கிலோ, குழாய்க்கு 227 கிராம். ஆறு பைகளையும் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்தம் சரியாக இருந்து ஒரு பையில் 180, இன்னொன்றில் 270 என்றால், அது சரியான கருவி ஆகாது. உருளை நின்ற இடத்தையும் மடைத் தகட்டையும் பார்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். உரத்துக்கும் இதேபோலத் தனியாகச் செய்ய வேண்டும்.

வயலில் ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு. ஆயிரம் மணி 35 கிராம் எடையுள்ள கோதுமையை 7 அங்குல வரிசையில் ஏக்கருக்கு 120 பவுண்டு விதைத்தால், வரிசையில் ஓர் அடிக்கு ஏறக்குறைய 21 மணி இருக்கும். விதைத்த சாலில் ஓர் அடியை விரலால் மெல்லக் கிளறி எண்ணுங்கள். ஐந்தாறு இடத்தில் எண்ணிச் சராசரி எடுத்தால் கணக்கு சரியா இல்லையா என்று தெரிந்துவிடும். கிளறும்போதே ஆழத்தையும் பார்த்துவிடலாம். கோதுமைக்கு 1 முதல் 1½ அங்குலம் போதும்.

கேள்வி: உரப் பகுதியில் நட்சத்திரச் சக்கரம் என்ன வேலை செய்கிறது? விதைக்கு வைக்கும் உருளையையே அதற்கும் வைத்தால் என்ன?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: விதை உருண்டு ஓடும். பழைய காலத்துப் பொடி உரம் ஓடாது, ஒட்டும். பள்ளத்துக்குள் அப்பிக்கொண்டால் உருளை வெறும் கட்டையாகச் சுழலும். அதனால்தான் பெட்டியின் தரையிலேயே படுத்துச் சுழலும் பல்தட்டு வைத்தார்கள். பல்லுக்குப் பல் இடுக்கில் நிற்கும் உரத்தை அது ஒரு மடைத் திறப்பின் வழியாகப் பெட்டிக்கு வெளியே நகர்த்திக்கொண்டுபோய்க் குழாயின் வாயில் தள்ளும். மடையின் உயரமும் தட்டின் வேகமும் அளவைத் தீர்மானிக்கும்.

மழைக்காலக் காற்றில் உரம் ஈரத்தை இழுக்கும். இழுத்ததும் பெட்டிக்குள் பாலம் கட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் பெட்டி நிறைய உரம், கீழே தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, உரத்தின் மட்டம் எல்லா இடத்திலும் ஒரேபோல இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்காத இடத்தைக் குச்சியால் கிளறிவிடுங்கள், ஆனால் வண்டி நிற்கும்போது மட்டும். கட்டியுள்ள உரத்தைக் கால் அங்குலக் கண் சல்லடையில் சலித்த பிறகே பெட்டியில் போட வேண்டும்.

மாலையில் வேலை முடிந்ததும் உரப் பெட்டியைக் காலிசெய்யாமல் படுக்கக் கூடாது. சூப்பர் பாஸ்பேட், பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் செய்வது. கொஞ்சம் அமிலம் மிச்சம் இருக்கும். இரவுப் பனியில் ஈரம் சேர்ந்தால் தகட்டையும் ஊசியையும் தின்ன ஆரம்பிக்கும். பருவம் முடிந்ததும் தட்டுகளைக் கழற்றிக் கழுவி, முழுதும் உலர்த்தி, எண்ணெய் பூசி வையுங்கள். கழுவிவிட்டு உலர்த்தாமல் வைப்பது, கழுவாமல் வைப்பதைவிடக் கெடுதல்.

கேள்வி: எங்களிடம் டிராக்டர் விதைப்புக் கருவி இருக்கிறது. போன ஆடியில் மக்காச்சோளத்தோடு டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் கலந்து விட்டோம், பல இடத்தில் முளைக்கவே இல்லை. அந்தக் காலத்தில் குதிரை டிரில்லில் விதையும் உரமும் ஒரே குழாயில்தானே போயின, அப்போது மட்டும் எப்படி முளைத்தது?
— அரியலூர் வாசகர்

பதில்: அந்தக் காலத்து உரம் நோஞ்சான் உரம். அதுதான் காரணம். சாதா சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 16 விழுக்காடு, தழைச்சத்து (நைட்ரஜன்) கிடையாது, முளையைச் சுடும் அளவுக்கு உப்பும் இல்லை. கோதுமையோடு ஒரே குழாயில் ஏக்கருக்கு 90 கிலோ இறக்கினாலும் முளைப்பு பெரிதாகக் கெடாது. அந்த 90 கிலோவில் இருந்த மணிச்சத்து 14.4 கிலோ. அதே 14.4 கிலோவை டிஏபியில் கொடுக்க 31 கிலோ போதும். பழைய டிரில்லின் மடையை மிகக் குறைத்து வைத்தாலும் சில கருவிகளில் இதைவிட அதிகமாகவே கொட்டும். பழைய கருவியில் புது உரம் போடுபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை. டிஏபி கரையும்போது தன்னைச் சுற்றி அம்மோனியா விடும். அது விதையின் முளை வேரைக் கருக்கும். யூரியா இன்னும் மோசம், அதை விதையோடு ஒரு கைப்பிடி கூடச் சேர்க்கக் கூடாது. பொட்டாஷ் உப்பு, விதைக்குப் போக வேண்டிய ஈரத்தைத் தான் இழுத்துக்கொள்ளும். மண்ணில் ஈரம் நன்றாக இருந்தால் உப்பு நீர்த்துப் பரவி விதை தப்பித்துக்கொள்ளும். காய்ந்த மண்ணிலும் மணல் மண்ணிலும் தப்பாது. உங்கள் வயலில் சில இடத்தில் முளைத்துச் சில இடத்தில் முளைக்காமல் போனதற்கு ஈரத்தின் ஏற்றத்தாழ்வே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மக்காச்சோளத்தில் இன்னொன்று: கோதுமைக்கு வரிசை 7 அங்குலம், மக்காச்சோளத்துக்கு 24 அங்குலம். ஏக்கருக்கு அதே அளவு உரத்தைப் போட்டாலும், வரிசை குறைவு என்பதால் சாலில் ஓர் அடிக்கு விழும் உரம் மூன்று மடங்குக்கு மேல்.

உங்கள் கருவியில் உரத்துக்குத் தனிக் குழாயும் தனிக் கொழுவும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உரக் கொழுவை விதைச் சாலிலிருந்து 2 அங்குலம் பக்கவாட்டிலும், விதையைவிட 2 அங்குலம் ஆழமாகவும் பூட்டுங்கள். ஒரே குழாய் என்றால் டிஏபியை அதில் விட வேண்டாம். அடியுரமாக முன்பே இட்டு உழுதுவிட்டு, விதையை மட்டும் விதையுங்கள்.

கேள்வி: விதைத்த வயலில் ஒரு வரிசை மட்டும் காணவில்லை, அல்லது திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் பயிர் இல்லை. என்ன காரணமாக இருக்கும்?
— டொராண்டோ வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

வரப்போரம், திரும்பிய இடத்தில் மட்டும் பயிர் இல்லை என்றால் லீவரைத் தாமதமாக இறக்கியிருக்கிறார்கள். டிஸ்க்கைத் தூக்கும் லீவரே விதை ஓட்டத்தையும் நிறுத்தும். இறக்கின பிறகும் கிண்ணத்திலிருந்து குழாய் வழியே விதை தரைக்கு வரச் சற்று நேரம் ஆகும். குதிரை திரும்பி நேராக நின்றதும், நடக்கத் தொடங்கும்போதே லீவரை இறக்கிவிட வேண்டும்.

ஒரு வரிசை முழுக்கக் காணவில்லை என்றால் அடைப்பு. பெரும்பாலும் டிஸ்க் தரையில் இருக்கும்போதே வண்டியைப் பின்னுக்குத் தள்ளியதால் வருவது. பின்னே போகும்போது டிஸ்க்குக்கு நடுவே இருக்கும் விதைவாயில் ஈர மண் கெட்டியாக ஏறிக்கொள்ளும். மேலிருந்து விதை வந்து வந்து குழாய் நிரம்பி நின்றுவிடும். டிஸ்க்கைத் தூக்காமல் ஒரு சாண்கூடப் பின்னே போகாதீர்கள். தவறிப் போய்விட்டால் அங்கேயே நிறுத்தி, எல்லா விதைவாயையும் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அடைப்பு இல்லாமலும் ஒரு வரிசை போகலாம். பழைய டிரில்களில் குழாய் என்பது எஃகுப் பட்டையைச் சுருள் சுருளாகச் சுற்றியது. டிஸ்க்கைத் தூக்கி இறக்கும்போது நீண்டு சுருங்கும். ஓர் இடத்தில் இழுபட்டுச் சுருள் விலகினால், அந்த இடுக்கில் விதை வெளியே சிந்தும். சிந்திய விதை மண்ணுக்கு மேலே கிடக்கும், காக்கை குருவிக்குத்தான் உதவும். வண்டிக்குப் பின்னால் நடந்து, மூடாத விதை எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் எந்தக் குழாய் என்று தெரியும். விலகிய சுருளை மறுபடி ஒட்டிச் சுருக்குவது கடினம், குழாயை மாற்றுவதே நல்லது. ரப்பர்க் குழாய் போடலாம். டிஸ்க்கைத் தூக்கும்போது குழாய் மடங்கிக்கொள்ளாத நீளமாகவும், இறக்கும்போது இழுபடாத நீளமாகவும் இருக்க வேண்டும்.

மூடுவதற்கு டிஸ்க்கின் பின்னால் சங்கிலி வளையங்கள் இழுபட்டு வரும். அவற்றில் ஒன்று கழன்றுபோனால் விதை சாலில் திறந்தே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் திரும்பும்போது எண்ணிவிடுங்கள்.

கேள்வி: 12 டிஸ்க் டிரில்லுக்கு எத்தனை குதிரை? மூன்று என்றால், பாரம் சமமாகப் போக எப்படிப் பூட்டுவார்கள்? ஒரு நாளில் எவ்வளவு விதைக்கலாம்?
— மதுரை வாசகர்

பதில்: மூன்று. இளகிய மண்ணில் இரண்டு பெரிய குதிரைகள் இழுக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் தளர்ந்துவிடும். பாரக் குதிரை நாள் முழுக்கத் தளராமல் இழுக்கக்கூடிய விசை, அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது நெடுநாள் கணக்கு. 730 கிலோ எடையுள்ள பெர்ஷெரான் இனக் குதிரைக்கு 73 கிலோ.

சமப்படுத்துவது நம் ஏற்றத்தின் கணக்குத்தான். வண்டியோடு கோக்கும் குறுக்குக் கட்டை 45 அங்குலம் என்றால், அதைக் கோக்கும் ஊசி நடுவில் வராது. இரண்டு குதிரை பூட்டும் முனையிலிருந்து 15 அங்குலத்தில், ஒற்றைக் குதிரை முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஊசி இருக்க வேண்டும். நீளக் கையில் ஒரு குதிரை, குட்டைக் கையில் இரண்டு. அப்போது மூன்றும் ஒரே அளவு இழுக்கும். ஊசியை இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால்கூட ஒரு குதிரை மட்டும் வியர்த்துக் கொட்டுவதைப் பார்க்கலாம்.

டிரில் இரண்டே சக்கரம் என்பதால் ஏர்க்காலின் பாரம் நுகத்தின் வழியே குதிரைகளின் கழுத்தில் உட்காரும். பட்டை உராய்ந்து கழுத்தில் புண் வந்தால் அந்தப் பருவமே போச்சு. அதற்காகவே ஏர்க்காலுக்கு அடியில் சின்ன இருசக்கர வண்டி ஒன்றை வைப்பார்கள். ஆமிஷ் பண்ணைகளில் இன்று முன்வண்டி ஒன்றில் குதிரையைப் பூட்டி, டிரில்லை அதன் பின்னால் கோத்துக்கொள்கிறார்கள்.

மணிக்கு 2½ மைல் நடையில், 7 அடி அகலத்துக்கு, மணிக்கு 2 ஏக்கர் வரும். திரும்புவது, பெட்டி நிரப்புவது, குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் போக நாளுக்கு 10 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒஹாயோவில் குளிர்காலக் கோதுமையை அவசரப்பட்டும் விதைக்க முடியாது. கோதுமையைத் தாக்கும் ஹெஸ்ஸியன் ஈ முட்டையிட்டு ஓயும்வரை காத்திருக்க வேண்டும். மாநிலத்தின் வடக்கில் செப்டம்பர் 22க்குப் பிறகு, தென்கோடியில் அக்டோபர் 5க்குப் பிறகு என்று தேதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்கும் மண் நனைந்து சேறாவதற்கும் இடையில் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அதனால் அளவு சரிபார்ப்பது, பேரிங்குக்கு எண்ணெய், நட்சத்திரச் சக்கரத்தைத் திருகிப் பார்ப்பது எல்லாவற்றையும் ஆகஸ்டிலேயே கொட்டகையில் முடித்துவிடுவார்கள்.